மகள் வீட்டு ஏற்றப் பாதையில் பனி: எந்த மெசின் வாங்குவது?

வெள்ளவத்தை ரயில்காரர்
நவம்பர் 12

எல்லோருக்கும் வணக்கம். நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். ரயில்வேயில் 36 வருடம், பெரும்பகுதி தெமட்டகொட எஞ்சின் ஷெட்டில், ஃபிட்டராகவும் பிறகு ஃபோர்மனாகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எஞ்சின் பற்றி என்ன கேட்டாலும் ஓரளவு சொல்வேன். பனி பற்றி ஒன்றும் தெரியாது. நுவரெலியாவில் ஒரு ஜனவரி விடியலில் புல்லின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்ததைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். என் மகளும் மருமகனும் ஸ்காபரோவில் வாடகைக்கு இருந்துவிட்டுப் போன ஜூலையில் ஒன்ராறியோவின் ஓவன் சவுண்ட் பட்டணத்துக்கு வெளியே ஒரு வீடு வாங்கினார்கள். நல்ல காணி, சுற்றிவர மேப்பிள் மரம், சொந்தக் கிணறு. ஆனால் வீடு மேட்டில் இருக்கிறது, றோட்டு கீழே இருக்கிறது. மருமகன் லொறி ஓட்டுகிறார், வாரத்தில் மூன்று இரவு வீட்டில் இல்லை. மகளுக்கு ஜனவரி நடுவில் பிரசவம். உதவிக்கு நான் டிசம்பர் 10ஆம் திகதி போகிறேன். "அப்பா, மெசின் விஷயம் நீங்களே பார்த்துச் சொல்லுங்கோ" என்று மகள் சொல்லிவிட்டாள். இரவில் வலி வந்தால் கார் கீழே இறங்க வேண்டும், அல்லது அம்புலன்ஸ் மேலே ஏற வேண்டும். இரண்டு வாரமாக எனக்கு இதே யோசனைதான்.

கண்மதிப்பை நான் நம்புவதில்லை. அதனால் மருமகனை முறையாக அளக்கச் சொன்னேன். இங்கே மேசன்மார் மட்டம் பார்ப்பதுபோல நீளமான தெளிந்த குழாயில் தண்ணீர் விட்டு, படிப்படியாக உயரம் எடுத்தார். பாதையின் நீளம் 80 மீற்றர். மொத்த ஏற்றம் 12 மீற்றர். அகலம் மூன்றரை மீற்றர். நடுவில் ஒரு வளைவு, அந்த இடத்தில் இடது பக்கம் பள்ளம். தார் கிடையாது, சல்லிதான் போட்டிருக்கிறது.

100க்கு 15 ஏற்றம் என்பது கேட்பதற்குப் பெரிதாகத் தெரியாது. நம்முடைய மலைநாட்டு ரயில் பாதையில் ரம்புக்கனைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையில் ஏற்றம் 44க்கு 1. மகள் வீட்டுப் பாதை கிட்டத்தட்ட ஏழுக்கு 1. அந்த 44க்கு 1இலேயே மழை நாளில் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. எஞ்சினில் வலு இருக்கும், தண்டவாளத்தில் பிடி இருக்காது. அப்போது சக்கரத்துக்கு முன்னால் குழாய் வழியாக மணலை விடுவோம். 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நமக்கு எம்2 எஞ்சின்கள் தந்தது. அவற்றுக்குக் கனடாவின் மாகாணப் பெயர்களை வைத்திருந்தார்கள், ஒன்றின் பெயர் 'ஒன்ராறியோ'. அந்த எஞ்சினின் மணல் பெட்டியை நான் என் கையால் நிரப்பியிருக்கிறேன். இப்போது அதே பெயருள்ள இடத்தில் அதே பிரச்சினை என் மகளின் வாசலில் நிற்கிறது.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். 280 சதுர மீற்றர் பரப்பில் 20 சென்ரிமீற்றர் பனி விழுந்தால் 56 கன மீற்றர். புதிதாக விழுந்த உலர்ந்த பனி ஒரு கன மீற்றர் 100 கிலோ என்று எடுத்தாலும் ஐந்தரை தொன்னுக்கு மேல் வருகிறது. ஈரப் பனி இதைப்போல மூன்று மடங்கு பாரம் என்று வாசித்தேன். மண்வெட்டியால் முடிகிற வேலை இல்லை.

மருமகன் சொல்லும் வழிகள் பல. விளம்பரத்தில் ஒருவர் பழைய ஸ்னோ புளோவர் (பனியை வாரி ஒரு குழாய் வழியாகத் தூர எறியும் மெசின்) ஒன்றை 700 டொலருக்கு விற்கிறார், 10 குதிரைவலு, ரயர் வைத்தது. கடையில் புதியவை இருக்கின்றன, சிலவற்றுக்கு ரயருக்குப் பதிலாக புல்டோசருக்கு இருப்பது போன்ற ரப்பர் பட்டி, ஆனால் விலை நாலாயிரம், ஐயாயிரம் டொலர் என்று போகிறது. நாலு சக்கர மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் தகடு பூட்டித் தள்ளும் முறை இருக்கிறது. சிறிய ரக்ரர் இருக்கிறது. ஆள் வைத்துச் செய்விக்கவும் முடியும். பற்றரியில் ஓடும் ஒன்றையும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராம்.

என் எண்ணம், அந்த 10 குதிரைவலு மெசினை வாங்கி ரயருக்குச் செயின் போடலாம் என்பது. வலு இருந்தால் ஏறிவிடும்தானே. ஆனால் பனியில் வாழ்ந்தவர்கள் சொல்வதைக் கேட்காமல் முடிவெடுக்கப் பயமாக இருக்கிறது. இந்தத் தளத்தில் கனடா, நோர்வே, சுவிஸ் என்று இருந்து வந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். தயவுசெய்து சொல்லுங்கள்.


கொட்டாஞ்சேனை நோர்வேக்காரன்
நவம்பர் 12

அண்ணை, வணக்கம். நான் 27 வருடம் நோர்வேயில் இருந்தேன். முதலில் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலை, பிறகு மேற்கே வோஸ் பக்கம். வோஸில் எங்கள் வீடும் உங்கள் மகள் வீடு மாதிரித்தான், மலைச்சரிவில். இப்போது கொட்டாஞ்சேனைக்கு வந்து மூன்று வருடம்.

அந்த 700 டொலர் மெசினை வாங்க வேண்டாம். காரணம் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. வலு இருந்தும் பிடி இல்லாமல் சக்கரம் சுற்றியது என்று எழுதிவிட்டு, மெசினுக்கு மட்டும் ஏன் வலுவைப் பார்க்கிறீர்கள்? சரிவில் முதல் கேள்வி ஏறுமா என்பது கூட இல்லை, இறங்கும்போது நிற்குமா என்பதுதான்.

என் முதல் மெசின் ரயர் வைத்தது, செயினும் போட்டிருந்தேன். ஏறும்போது குறையில்லை. ஒரு காலை, மேலே ஒரு சாண் தூள் பனி, அடியில் கண்ணாடி மாதிரி ஐஸ். கீழே இறங்கும்போது கியர் மாற்றுவதற்காக ஓட்டும் கைப்பிடியை விட்டேன். அந்த ஒரு கணத்தில் மெசின் தன்பாட்டுக்கு ஓடத் தொடங்கிவிட்டது. நான் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனேன். ஒரு பேர்ச் மரம் தடுத்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் றோட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கும் இடம். அன்றைக்குப் பிறகு அந்த மெசினை நான் சரிவில் இறக்கவில்லை.

அடுத்ததாக வாங்கியது பட்டி வைத்தது. பட்டி நிலத்தில் நீளமாகப் படுத்திருப்பதால் பாரம் பரவுகிறது, பிடியும் கூடுகிறது. குறையையும் சொல்ல வேண்டும். மெதுவாகத்தான் போகும், நூறு கிலோவுக்கு மேல் பாரம், எஞ்சின் ஓடாதபோது ஒரு ஆள் தள்ளி நகர்த்த முடியாது. திரும்புவதற்குக் கைப்பிடியில் தனி லீவர் இல்லாத பழைய வகை என்றால் வளைவில் தோள் போய்விடும். அந்த லீவர் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஹைட்ரோஸ்டாட்டிக் வகை, அதாவது கியருக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தத்தால் ஓடுவது, கிடைத்தால் இன்னும் நல்லது. கியர் மாற்ற நிற்கத் தேவையில்லை, ஓடும்போதே வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், இறக்கத்தில் மெசின் உங்களை இழுத்துக்கொண்டு போகாது. ஹொண்டாவின் எச்எஸ்எஸ் 928 பட்டி வகை இதற்கு நல்ல உதாரணம். அதன் வாய் அகலம் 28 அங்குலம், அதாவது 71 சென்ரிமீற்றர். உங்கள் மூன்றரை மீற்றருக்கு ஆறு தரம் போனால் போதும். ஆறு எண்பது 480 மீற்றர். மணிக்கு ஒரு கிலோமீற்றர் என்று மெல்ல நடந்தாலும் அரை மணி நேர வேலை.

ஒற்றைக் கட்ட மெசினை யாராவது மலிவாகத் தந்தாலும் எடுக்க வேண்டாம். அதில் சுழலும் பிளேட் நிலத்தைத் தொட்டுக்கொண்டு போகும், சல்லியை அள்ளி ஜன்னலுக்கு எறியும். உங்களுக்கு இரட்டைக் கட்டம்தான் சரி. முன்னால் உள்ள சுருள் பனியைச் சேர்க்கும், பின்னால் உள்ள இம்பெல்லர் அதை எறியும். பெட்டியின் இரண்டு பக்கமும் சறுக்கிச் செல்லும் இரும்புப் பாதங்கள் இருக்கும், ஸ்கிட் ஷூ என்பார்கள். அவற்றை இறக்கிப் பூட்டி, பெட்டி நிலத்திலிருந்து மூன்று சென்ரிமீற்றர் உயர்ந்து நிற்கும்படி வையுங்கள். அந்த மூன்று சென்ரிமீற்றர் பனி பாதையில் தங்கும், தங்கட்டும். சல்லியைப் பிடித்து வைப்பதே அதுதான்.

இனி மணல். நீங்கள் மணல் பெட்டியைப் பற்றி எழுதியதை வாசித்தபோது எனக்கு நோர்வேயின் றோட்டுக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். அங்கே குளிர் கூடிய இடங்களில் மணலைக் கொதிக்கக் கொதிக்க உள்ள வெந்நீரோடு கலந்து தூவுவார்கள். சூடான மணல் ஐஸை லேசாக உருக்கி உள்ளே இறங்கும், பிறகு அப்படியே உறைந்து அரத்தாள் மாதிரி நிற்கும். உலர்ந்த மணல் நாலு வாகனம் போனால் ஓரத்துக்குப் பறந்துவிடும், இது பறக்காது. வீட்டில் நான் அடுப்பில் கொதிக்க வைத்த தண்ணீரை வாளி மணலில் ஊற்றிக் கிளறி, எங்கள் பாதையின் வளைவுக்கு மட்டும் போட்டேன். நன்றாகப் பிடித்தது.

உங்கள் காலுக்கும் பிடி வேண்டும். சப்பாத்துக்கு அடியில் மாட்டும் இரும்பு முள் கட்டாயம் வாங்குங்கள். மெசின் நின்று நீங்கள் விழுந்தால் என்ன பயன்.


பஞ்சிகாவத்தை பாகக்கடை
நவம்பர் 13

ஐயா, எனக்கும் பனி தெரியாது, ஆனால் சின்ன எஞ்சின்தான் என் தொழில். ஜெனரேற்றர், தண்ணீர்ப் பம்ப், லாண்ட்மாஸ்ரர் (பின்னால் நடந்து ஓட்டும் இரு சக்கர உழவு மெசின்) எல்லாம் பார்க்கிறேன். நீங்கள் சொல்லும் மெசினின் விபரக் கையேட்டை எடுத்து வாசித்தேன். இது பனிக்கு இறக்கிவிட்ட லாண்ட்மாஸ்ரர்தான். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

சுருள் பிளேட்டை அச்சோடு பிணைக்கும் ஷியர் போல்ட் என்று ஒன்று உண்டு. கல்லோ கட்டையோ சிக்கினால் அந்த போல்ட் உடைந்து கியர்பெட்டியைக் காப்பாற்றும். அது உடைவதற்காகவே மென்மையான இரும்பில் செய்தது. தயவுசெய்து இங்கிருந்து போல்ட் எதுவும் கொண்டுபோக வேண்டாம், அங்கே ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் கடின போல்ட்டும் போட வேண்டாம். அது உடையாது, கியர்பெட்டி உடையும். அந்த மெசினுக்கென்று செய்த போல்ட்டையே பத்து வாங்கி, மெசினின் கைப்பிடியில் ஒரு பையில் கட்டித் தொங்கவிடுங்கள். இரவு இரண்டு மணிக்குக் கடை திறந்திருக்காது.

அடுத்தது ஒயில். நாங்கள் இங்கே 40 ஊற்றிப் பழகியவர்கள். அந்தக் குளிரில் அது தேன் மாதிரி இறுகிவிடும். இந்த மெசின்களுக்குக் குளிரிலும் இளகி ஓடும் 5டபிள்யூ-30. அப்புறம், எதனோல் கலந்த பெற்றோல் பல மாதம் கிடந்தால் கார்புரேற்றரில் பசை பிடிக்கும். நீங்கள் ஃபோர்மன், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் மருமகன் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.


வெள்ளவத்தை ரயில்காரர்
நவம்பர் 13

தம்பி இருவருக்கும் நன்றி. நோர்வேத் தம்பி, அந்தப் பேர்ச் மரக் கதையை வாசித்துவிட்டு மகளுக்கு உடனே தொலைபேசி எடுத்து 700 டொலர் மெசினை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்ட கேள்வி நியாயமானது. 36 வருடம் தினமும் பார்த்த ஒன்றை எனக்கு முன்னால் வேறு உருவத்தில் வைத்ததும் தவற விட்டுவிட்டேன். பாரம் ஏற்றிய வண்டியை மேலே கொண்டுபோவதை விட கீழே கொண்டுவருவதுதான் கஷ்டம் என்று ஷெட்டில் புதிதாக வரும் பையன்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மண்வெட்டி, தகடு பூட்டிய மோட்டார் சைக்கிள், ஆள் வைத்துச் செய்வித்தல், இவை பற்றியும் யாராவது அனுபவம் சொன்னால் நல்லது. மருமகனுக்கு அந்த மோட்டார் சைக்கிளில் ஒரு ஆசை இருக்கிறது.


ஜோர்ஜியன் குடாக்கரை
நவம்பர் 14

ஐயா, நான் பம்பலப்பிட்டியில் பிறந்து வளர்ந்தவள். 19 வருடமாக உங்கள் மகள் வீட்டிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டத்தில் இருக்கிறேன். இந்தத் தளத்தை அம்மாவுக்காக வாசிப்பேன், உங்கள் பதிவைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பகுதியின் பனி ரொறொன்ரோப் பனி இல்லை. வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்று ஹியூரன் ஏரியையும் ஜோர்ஜியன் குடாவையும் தாண்டும்போது, இன்னும் உறையாத தண்ணீரிலிருந்து ஈரத்தை வாரிக்கொண்டு வந்து கரையில் கொட்டும். ஒரு ஊரில் வெயில் அடிக்கும், பத்து கிலோமீற்றர் தள்ளி முன்னால் போகும் கார் தெரியாது. ஏரி உறையும்வரை, அதாவது டிசம்பரும் ஜனவரியும்தான், மிக மோசம். உங்கள் மகளுக்குத் திகதி சரியாக அதன் நடுவில் விழுகிறது.

தகடு பூட்டிய மோட்டார் சைக்கிள் சமதரைக்கு நல்லது. உங்கள் பாதைக்கு எனக்கு விருப்பமில்லை. தகடு பனியை எறியாது, ஒதுக்கும். ஒதுக்கிய பனி இரு கரையிலும் சுவராக நின்று இறுகும், அடுத்த முறை தள்ள இடம் இருக்காது, பாதை ஒவ்வொரு வாரமும் ஒடுங்கிக்கொண்டே வரும். பெப்ரவரியில் மூன்றரை மீற்றர் இரண்டரை மீற்றர் ஆகியிருக்கும். அம்புலன்ஸை நினையுங்கள். ஏற்றத்தில் மேல்நோக்கித் தள்ளவும் முடியாது, கீழ்நோக்கித்தான் தள்ளலாம், அப்படியானால் எல்லாப் பனியும் றோட்டு வாசலில் வந்து குவியும். அதை றோட்டுக்குக் குறுக்கே தள்ளிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் எழுத்து மூல அனுமதி இல்லாமல் றோட்டில் பனி கொட்டுவதைத் தடை செய்கிறது. ஆபத்தும்கூட.

ரக்ரர் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கும் ஆசைதான், ஆனால் விலை பல மடங்கு. சரிவில் அதற்கு ஒரு பழக்கமும் தேவை. பெரும்பாலான சிறிய ரக்ரர்களில் பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான், நாலு சக்கர இழுவையைப் போட்டால்தான் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். அதை மறந்து இறங்கியவர்களைக் கண்டிருக்கிறேன். பற்றரி மெசின் ஐந்து தொன்னுக்கு வேண்டாம், குளிரில் பற்றரியின் கொள்ளளவு இறங்கிவிடும்.

எங்கள் வீட்டில் பட்டி வைத்த மெசின்தான், எட்டாவது குளிர்காலம். கஷ்டமான இடம் எது தெரியுமா? ஏற்றம் இல்லை, கீழ் வாசல். நீங்கள் எல்லாம் துப்புரவாக்கி முடித்த பிறகு நகரசபை வண்டி றோட்டைத் தள்ளிக்கொண்டு வரும், உங்கள் வாசலுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு வரம்பு போட்டுவிட்டுப் போகும். அந்தப் பனி தூள் இல்லை, உப்பும் ஐஸ் கட்டியும் கலந்த சேறு. இரண்டு மணி நேரம் விட்டால் சீமெந்து. ஒற்றைக் கட்டமோ பற்றரியோ அதன் முன்னால் நிற்காது. ஆகவே வண்டி போன சத்தம் கேட்டதும் முதலில் கீழே இறங்கி அதை எடுங்கள்.

எறியும்போது எப்போதும் பள்ளப் பக்கம் எறியுங்கள். மேட்டுப் பக்கம் குவித்தால் பகலில் உருகிய தண்ணீர் பாதைக்குக் குறுக்கே ஓடி இரவில் உறைந்து, நீங்கள் துப்புரவாக்கிய இடத்திலேயே ஐஸ் தகடு போடும். இதை நான் கற்றுக்கொள்ள இரண்டு குளிர்காலம் எடுத்தது. சரிவுக்குக் குறுக்காக மெசினைக் கொண்டுபோகவே வேண்டாம், நேராக மேலும் கீழும்தான்.

நிலம் உறைவதற்கு முன், இந்தக் கிழமையே, பாதையின் இரண்டு கரையிலும் உயரமான கம்புகளை நடச் சொல்லுங்கள். நிறப் பட்டி சுற்றியது. வளைவில் இன்னும் நெருக்கமாக. 40 சென்ரிமீற்றர் பனிக்குக் கீழே பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. காருக்கு மலையும் பனிப்பூவும் அடையாளமிட்ட குளிர்கால ரயர் போட்டாயிற்றா என்றும் கேளுங்கள். கியூபெக்கில் அது சட்டம், இங்கே சட்டமில்லை, அதனால் புதிதாக வருபவர்கள் தள்ளிப் போடுவார்கள்.

உப்பு வேண்டாம். கிணற்று வீடு என்கிறீர்கள், அந்த உப்பு நாளை கிணற்றுக்குத்தான் போகும். மைனஸ் 10 பாகைக்குக் கீழே சாதாரண உப்பு கிட்டத்தட்ட வேலையும் செய்யாது. மணலே போதும்.

கடைசியாக ஒன்று, இதை மகளாக நினைத்துச் சொல்கிறேன். மெசின் வாங்கினாலும் இந்த ஒரு குளிர்காலத்துக்கு ஆளையும் ஒப்பந்தம் பண்ணுங்கள். எங்கள் பகுதியில் ஒக்ரோபரிலேயே இடம் நிரம்பிவிடும், ஆனாலும் விசாரித்தால் பக்கத்து விவசாயி ஒருவர் ரக்ரரோடு அகப்படுவார். மெசின் பழுதானால், உங்களுக்குக் காய்ச்சல் வந்தால், மருமகன் பனியில் எங்காவது மாட்டிக்கொண்டால்? முதல் வருடம், பிரசவ மாதம். இரண்டு வழியும் இருக்க வேண்டும்.


தெஹிவளைத் தாதி
நவம்பர் 14

ஐயா, உங்கள் வயதை நீங்கள் சொல்லவில்லை, ஆனால் ஓய்வு பெற்றவர் என்பதால் எழுதுகிறேன். மண்வெட்டியை எடுக்காதீர்கள். குளிரில் இரத்தக் குழாய் சுருங்கும், இரத்த அழுத்தம் ஏறும், அதே நேரத்தில் கையால் பாரம் தூக்கினால் இதயத்துக்கு இரட்டைச் சுமை. கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையான பதிவுகளைப் பார்த்த ஆய்வு ஒன்று, பெரிய பனிப்பொழிவுக்கு அடுத்த நாள் ஆண்களில் மாரடைப்பு கூடியதைக் காட்டியது. மெசின் வாங்கினாலும் படிக்கட்டிலும் மூலையிலும் மண்வெட்டி வேலை மிச்சம் இருக்கும். அதை மருமகனுக்கு விடுங்கள்.

இன்னொன்று விரல்கள். எறியும் குழாய் ஈரப் பனியால் அடைத்துக்கொள்ளும், எல்லோரும் கையை விடுவது அப்போதுதான். எஞ்சினை நிறுத்தினாலும் உள்ளே இறுகி நிற்கும் விசை ஒரு சுற்றுச் சுற்றிவிடும். மெசினோடு வரும் தடியால் மட்டும் எடுங்கள்.


வெள்ளவத்தை ரயில்காரர்
நவம்பர் 15

பிள்ளை, நீங்கள் சரியாகக் கேட்டீர்கள். எனக்கு 67 வயது, 2021இல் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது. இதைப் பதிவில் எழுதாமல் விட்டது தவறு. நேற்று என் வைத்தியரைக் கேட்டேன். மெசினுக்குப் பின்னால் மெதுவாக நடக்கலாம், மண்வெட்டியைத் தொடக்கூடாது என்றார். அப்படியே ஆகட்டும்.

ஜோர்ஜியன் குடாக்கரை அக்கா என்று எல்லோரும் அழைப்பீர்கள், எனக்கு நீங்கள் மகள்தான். கம்பு நடும் வேலை இன்றைக்கே நடக்கிறது. மருமகன் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டார். பாதை ஒடுங்குவதைப் பற்றி நீங்கள் எழுதிய பகுதியை நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன்.


வெள்ளவத்தை ரயில்காரர்
ஜனவரி 24

ஓவன் சவுண்டிலிருந்து எழுதுகிறேன். உங்கள் எல்லோருக்கும் விபரம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வாங்கியது பட்டி வைத்த 28 அங்குல மெசின், மூன்று குளிர்காலம் ஓடியது, ஒரு விற்பனைக் கடையிலேயே பரிசோதித்துக் கொடுத்தார்கள். புதியதன் விலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. திருப்பும் லீவர் இருக்கிறது, ஹைட்ரோஸ்டாட்டிக். இரண்டு வளவு தள்ளியிருக்கும் விவசாயி ஒருவர் ஜனவரி மாதத்துக்கு மட்டும் ரக்ரரோடு வர ஒத்துக்கொண்டார். மூன்று தரம் வந்தார், மிச்சமெல்லாம் நானும் மருமகனும்.

முதல் வாரம் ஒரு தவறு செய்தேன். மெசினைச் சூடான கராஜில் வைத்திருந்து நேரே பனிக்குள் இறக்கினேன். சூடான இரும்பில் பனி உருகி ஒட்டி, உடனே உறைந்து, குழாய் ஐந்தே நிமிடத்தில் அடைத்துவிட்டது. தடியால் எடுத்தேன், கையை விடவில்லை. இப்போது வேலைக்கு அரை மணி முன்னால் வெளியே நிறுத்திக் குளிர விடுகிறேன். முடிந்ததும் இரண்டு மூன்று நிமிடம் சும்மா சுழலவிட்டு, ஒட்டிய பனியை உதறிய பிறகுதான் உள்ளே கொண்டுபோகிறேன். குழாயின் உட்புறம் சிலிக்கோன் தெளிக்கிறேன். பிறகு அடைப்பு மிகக் குறைவு.

நகரசபை வண்டி போடும் வரம்பு பற்றி எழுதியிருந்தீர்கள். வாசிக்கும்போது விளங்கவில்லை, இங்கே வந்துதான் விளங்கியது. மைனஸ் 14இல் அது கருங்கல் மாதிரி. முழு வாயையும் கொடுக்காமல் அரை வாய் அகலத்தைக் கொடுத்து, மிக மெதுவாகத் தின்ன விட வேண்டும். ஷியர் போல்ட் இதுவரை ஒன்றுதான் உடைந்தது, பனிக்குள் புதைந்து கிடந்த விறகுத் துண்டில். பஞ்சிகாவத்தைத் தம்பி சொன்ன மாதிரி பை கைப்பிடியிலேயே இருந்தது. கையுறையோடு மாற்ற பத்து நிமிடம்.

ஜனவரி 17, விடிய மூன்று மணி. மருமகன் வீட்டில் இருந்த நாள். இரவு முழுக்க 25 சென்ரிமீற்றர் விழுந்திருந்தது. மகள் கதவைத் தட்டியதும் நான் மெசினை எடுத்தேன், மருமகன் பையைத் தூக்கினார். பாதி அகலத்தை மட்டும் எடுத்தோம், காருக்கு அது போதும். வளைவில் முந்தைய நாள் வெந்நீர் மணல் போட்டிருந்தேன், நோர்வேத் தம்பி, அது அப்படியே நின்றது. கார் முதல் கியரில் இறங்கி றோட்டில் ஏறும்வரை நான் மேலே கைவிளக்கோடு நின்றேன். காலை எட்டேகாலுக்குப் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். நான் ஏப்ரலில் கொழும்புக்குத் திரும்புவேன். தொட்டியில் மிஞ்சும் பெற்றோலை, அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் போட்டு வைப்பதா, வடித்துவிடுவதா?


பஞ்சிகாவத்தை பாகக்கடை
ஜனவரி 24

வாழ்த்துகள் ஐயா, பேத்திக்கு எங்கள் எல்லோருடைய அன்பும். பெற்றோலை வடித்துவிடுங்கள், பிறகு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள், கார்புரேற்றர்க் கிண்ணத்தின் கீழ் ஆணியையும் திறந்து கடைசிச் சொட்டை எடுங்கள். ஒயிலையும் அப்போதே மாற்றிவிட்டு வாருங்கள்.